மூணுக்கு நாலு

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது, துணிக்கு மெஷின், பாத்திரத்துக்கு ஒரு அம்மா வருகிறார். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்ட தெம்பில் மறுநாள் காலை பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பூக்கார அம்மா வழக்கம்போல் குரல் கொடுக்காமல் கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றார்.

“சார்... வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?”

கை உடைந்த செய்தி அதற்குள் இவர் காதுக்கு எப்படிப் போனது என்று யோசித்தேன். செய்தியெல்லாம் போகவில்லை. அவர் பார்த்தது வாசலை. ஆறரை மணிக்கு ஒரு வாசல் பெருக்காமல், தெளிக்காமல், கோலமில்லாமல் கிடந்தால் எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை.

உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. முந்தின நாள் எலும்பை இழுத்துச் சேர்த்தபோதுகூட அழாதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முப்பத்தோரு வருஷத்துல அமாவாசை தவிர வாசல் சும்மா கிடந்தது உங்கம்மா போன நாளுலதான்” என்றாள்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னதும் அவள் இரண்டே நாளில் கோல ஸ்டிக்கர் அனுப்பிவிட்டாள். தாமரையும் மயிலும் போட்ட நல்ல ஸ்டிக்கர்தான். ஒட்டிவிட்டு, வந்து பார் என்று கூப்பிட்டேன். கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு விடிஞ்சுதா இல்லையான்னே தெரியாதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி நான் அலாரம் வைத்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 34 வருடம் அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் 31 வந்தால் கணக்கை மூட வேண்டும், மூடினால்தான் மூச்சு. அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. மகள் படிப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் நிம்மதியாக உட்காரலாம். இது எங்கள் வீட்டில் என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களிலேயே அதிகம் வந்தது. எல்லாம் முடிந்தது. 60 வயதில் ஓய்வும் வந்தது. உட்கார்ந்தேன். இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒரே பேப்பரை மூன்று தடவை படிப்பதும், டிவி ரிமோட்டைத் தேடுவதும், அகவிலைப்படி எவ்வளவு ஏறும் என்று பழைய சகாக்களிடம் விசாரிப்பதும்தான் மிச்சம்.

முதல் நாள் ஐந்தே காலுக்கு எழுந்து வாசலுக்கு வந்தேன். தென்னங்குச்சி விளக்குமாற்றால் பெருக்கினேன், தூசி மொத்தமும் திண்ணைக்கு வந்தது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீசினேன். தெரு ரோட்டைப் போன வருடம் அரையடி உயர்த்திப் போட்டுவிட்டதால் எங்கள் வாசல் இப்போது கொஞ்சம் பள்ளம். தண்ணீர் குளமாக நின்றது. அதன் மேலேயே மாவைப் போட்டேன். மாவு மிதந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “இது என்ன கோலம்!” என்றாள். நம் மொழியில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. லுங்கியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு குளத்துக்கு நடுவில் நின்ற எனக்கு இரண்டும் பொருந்தியது.

அன்று சாயங்காலம் அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு பாடம் எடுத்தாள். அவள் ஒரு கையில் மாவுக்கட்டு, என் கையில் கோலமாவு. அவள் சொன்னதைக் கேட்டும் கையைச் சுட்டுக்கொண்டும் நான் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தண்ணீரை வீசக்கூடாது, தெளிக்க வேண்டும். உள்ளங்கையைக் குழித்து அள்ளி, விரலை விரித்துவிட்டால் அது பூவாகச் சிதறும். தரை நிறம் மாறினால் போதும், பளபளக்கக்கூடாது. காய்ந்த தரையில் மாவு ஒட்டாது, முதல் காற்றுக்கே பறந்துவிடும். ஈரம் அதிகமானால் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். தெளித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு. இந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. சும்மா நிற்பதற்குக் கை பழகவில்லை. போனை எடுத்துவிடுவேன். ஒருநாள் போனை உள்ளேயே வைத்துவிட்டு வந்தேன். பின்தெருவில் யாரோ பம்ப் அடிக்கிற சத்தம், எதிர் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு, ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஹாரன். இதெல்லாம் தினமும் இருந்திருக்கிறது.

மாவு விஷயம். கடையில் கிடைப்பது கல்மாவு. பொறபொறவென்று விரலிலிருந்து இறங்கும், கோடு சீராக வரும். பச்சரிசி மாவு நல்ல வெள்ளை, ஆனால் கையில் வியர்வை இருந்தால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நாலு பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு அரிசிமாவு. அரிசிமாவைக் கலப்பது எறும்புக்காக என்று மாமியார் சொல்லிக்கொடுத்ததாம். நான் பாதிதான் நம்பினேன். ஒன்பது மணிக்கு வெயிலில் குனிந்து பார்த்தால் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. சின்ன எறும்புகள், ஆளுக்கு ஒரு துகளாக, ஒரு வளைவின் மேல் ஓரத்தை மட்டும் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகின்றன. கல்லைத் தொடுவதில்லை, அரிசியை மட்டும் பொறுக்குகின்றன. நான் அரை மணி நேரம் அப்படியே குந்தியிருந்திருக்கிறேன். டீக்கடைக்குப் போன நண்பர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “என்னண்ணே, காசு ஏதாவது விழுந்துடுச்சா?” என்று கேட்டார்.

கிள்ளும் விதம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, நடுவிரலை அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தரைக்கு ஓரிரண்டு அங்குலம் மேலே கை இருக்க வேண்டும். கிட்டப் போனால் கோடு தடிக்கும், எட்டப் போனால் சிதறும். நான் உப்புப் போடுகிற மாதிரி தூவிக்கொண்டிருந்தேன். “விரலைத் தேய்க்காதீங்க, விடுங்க” என்று ஜன்னலிலிருந்து சத்தம் வரும். விடுவது என்றால் என்ன என்று பிடிபட இரண்டு வாரம் ஆனது. மாவு தானாக இறங்கும், நாம் கையை நகர்த்தினால் போதும்.

குனிவது தனிப் பாடம். பெண்கள் காலை நீட்டி நிறுத்தி இடுப்பிலிருந்து மடங்கிப் போடுகிறார்கள். என் முதுகுக்கு அது ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், ஸ்டூலை நகர்த்தும்போதெல்லாம் போட்டதையே இழுத்து அழித்தேன். கடைசியில் குந்திப் போடுவது, இரண்டு வரிசைக்கு ஒருதரம் எழுந்து நிற்பது என்று ஆக்கிக்கொண்டேன். எழுந்து நிற்பது முதுகுக்காக ஆரம்பித்தது, கோலத்துக்குத்தான் அதிகம் உதவியது. குந்தியிருக்கும்போது நேராகத் தெரிகிற வரிசை நின்று பார்த்தால் கோணலாக இருக்கும். அப்போதே தெரிந்துவிட்டால் ஒரு புள்ளியோடு போய்விடும்.

புள்ளிதான் எல்லாம். புள்ளி சரியாக விழுந்தால் கோடு தப்பாகப் போவது கஷ்டம். நான் எடுத்த எடுப்பில் பக்கத்து வீட்டைப் பார்த்து 15 புள்ளி ஊடுபுள்ளியில் இறங்கினேன். நடுவரிசையில் 15, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாகக் குறைத்து இரண்டு பக்கமும் 8 வரை. மொத்தம் 169 புள்ளி. வைத்து முடிப்பதற்குள் பால்காரர் வந்து போய்விட்டார், இடது பக்கம் ஒரு வரிசை தெருவுக்குள் ஓடிவிட்டது. மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், “ஏழு போதுமே” என்றாள். 7 வைத்து 4-இல் முடித்தால் 37 புள்ளி. இருபது நிமிட வேலை. எங்கள் வாசலுக்கு அது நிறைவாக உட்கார்ந்தது. பெரியதாகப் போட்டதால் எங்கள் வாசல் பெரியதாகிவிடவில்லை என்பதை அந்த 169 புள்ளி சொல்லித்தான் கேட்டேன்.

தப்பு வந்தால் விரலால் அழிக்கக்கூடாது, வெள்ளையாக இழுத்துக்கொண்டு போகும். “அழிக்காதீங்க, அதையே ஒரு இதழா வளைச்சுடுங்க. எட்டுப் பக்கமும் அதே மாதிரி வளைச்சா அதுதான் கோலம்” என்பாள். அவளுடைய பல கோலங்கள் இப்படிப் பிறந்தவை என்று எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரிகிறது. நான் அழகு என்று நினைத்துத் தாண்டிப்போன பாதிக்குக் கைதவறுதான் காரணம்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், கணக்குப் பிள்ளைக்குக் கணக்கு வந்துதானே ஆக வேண்டும்.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரே கோடாகக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால் மனசுக்கு ஒரு திருப்தி. நான் 4 வரிசைக்கு 4 புள்ளி வைத்து, இரண்டிரண்டு புள்ளிக்கு நடுவிலும் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற மாதிரி, ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றித் திரும்புகிற மாதிரி போட்டேன். சீக்கிரமே கோடு கிளம்பின இடத்துக்கு வந்துவிட்டது, முக்கால்வாசிப் புள்ளி பாக்கி. மறுபடி ஒன்று தொடங்கினேன், மறுபடி ஒன்று. நாலு தனித்தனிக் கோடு தேவைப்பட்டது. 3 வரிசைக்கு 4 புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் முடிந்துவிட்டது.

பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டுக்கு இரண்டு, 2 கோடு. இரண்டுக்கு மூன்று, 1. மூன்றுக்கு மூன்று, 3. நாலுக்கு ஆறு, 2. மூன்றுக்கு ஆறு, 3. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. சாயங்காலம் பிடிபட்டது. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப்பெரிய எண், அதாவது மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கோடு. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, அலுவலகத்தில் ஒருநாளும் தேவைப்படாத அந்த மீ.பொ.வ. என் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கண்டுபிடிப்பு என்று ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த நிமிர்வு நிற்கவில்லை. மகள் தேடிப் பார்த்து இதெல்லாம் கணித ஆட்களுக்குத் தெரிந்த சங்கதி என்று சொன்னாள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்களாம். சரி, அறிஞர்களிடம் தோற்றால் பரவாயில்லை. நோட்டை மனைவியிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒரே கோடா வரணும்னா ஒரு பக்கம் ஒரு புள்ளி கூட வைடீன்னு எங்க பாட்டி சொல்லும். மூணுக்கு நாலு, நாலுக்கு அஞ்சு” என்றாள். நான் தடுக்கின் கீழ் நுழைந்தால் அவள் கோலத்தின் கீழ் நுழைபவள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்த நோட்டோடு உட்கார்ந்திருந்த நாளில் ஒருதரம்கூட மணி பார்க்கவில்லை. அகவிலைப்படி நினைப்பு வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு நாள் அதுதான் முதல்.

சந்தோஷம் பற்றிச் சொல்லும்போது கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வாரம், என் கை ஓரளவு திருந்தியிருந்த நேரம். ஐந்து இதழ்த் தாமரை ஒன்று முதல்முறையாகக் கோணாமல் வந்தது. நிமிர்ந்து, இரண்டடி பின்னால் போய் ரசித்துக்கொண்டிருக்கும்போதே பால் பாக்கெட் போடும் தம்பியின் வண்டி டயர் அதன் நடுவில் ஏறி நின்றது. “தம்பி, கண்ணு எங்கே இருக்கு?” என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் மிரண்டுபோய் இறங்கிக் காலால் சரிசெய்யப் பார்த்தான், இருந்ததும் போயிற்று.

மறுநாள் இரண்டு செங்கல்லும் ஒரு துளசித் தொட்டியும் கொண்டுவந்து கோலத்தைச் சுற்றி அரண் கட்டினேன். மனைவி வெளியே வந்து பார்த்தாள். “என்னங்க இது, யாரு இதைத் தாண்டி உள்ள வர்றது?”

“மிதிச்சுடறாங்கல்ல.”

“வாசல்ல போட்டா மிதிக்கத்தான் செய்வாங்க. மிதிக்காத இடம் வேணும்னா பூஜை ரூம்ல போடுங்க.”

அவள் சாதாரணமாகச் சொன்னாள், தத்துவம் பேசுகிற ஆள் இல்லை. செங்கல்லை எடுத்துவிட்டேன். ஆனால் மனசு உடனே கேட்டுவிடவில்லை. ஒரு மாதம் வரைக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருநாள் பத்து மணிக்கு வெளியே வந்தபோது தெருநாய் ஒன்று கோலத்தின் சரியான மையத்தில், வேண்டுமென்றே அளந்து படுத்த மாதிரி, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஈரம் உலர்ந்த தரை அதற்கு ஜில்லென்று இருந்திருக்கும். நான் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் கோபம் வரவில்லையே என்று உறைத்தது. எழுந்து போனபோது அதன் விலாவில் அரைத் தாமரை ஒட்டியிருந்தது.

கோலம் போடும்போது ஒன்று கவனித்தேன். சில நாள் கோடு குறிப்பிட்ட ஒரு இடத்தில் கெட்டுப்போகும். முதலில் கை நடுக்கம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அந்த இடத்தில் வேறொரு நினைப்பு ஓடியிருக்கிறது. மூன்றாவது வளைவு திரும்பும்போது, சொந்த ஊர் மனையின் பட்டா விஷயத்தில் தம்பி சொன்ன ஒரு சொல். இன்னொரு நாள், மகளின் அடுக்ககத்துக்கான மாதத் தவணை. கோடு தப்பின இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அன்றைக்கு என்னை எது அரிக்கிறது என்று சொல்லிவிடலாம். இப்போதெல்லாம் நினைப்பு வந்தால் கையை நிறுத்திவிடுகிறேன். அதை விரட்டுவதில்லை, அது என் அதிகாரத்தில் இல்லை. மாவை விரலில் பிடித்தபடி அது போகும்வரை நிற்கிறேன். சில நினைப்புக்கு இரண்டு மூச்சு போதும். பட்டா நினைப்பு கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒருநாள் அது போகவே இல்லை. பாதிக் கோலத்தோடு உள்ளே வந்து தம்பிக்குப் போன் செய்தேன். “அண்ணே, காலங்கார்த்தால என்ன?” என்று பதறினான். பத்து நிமிடம் பேசினோம். பட்டா அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இரண்டு வருடமாகப் பேசாதிருந்தவர்கள் பேசினோம். திரும்பிப் போய் மீதிக் கோட்டை இழுத்தேன்.

தெரு என்ன சொன்னது என்று கேட்பீர்கள். முதல் வாரம் “வீட்டுல ஸ்ட்ரைக்காண்ணே?” என்ற கேள்வி டீக்கடையில் நாலு பேரிடமிருந்து வந்தது. எதிர் வீட்டு அக்கா, “நீங்க ஏன் தம்பி, நான் வந்து ரெண்டு இழை இழுத்துட்டுப் போறேனே” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. மாடிவீட்டு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று புள்ளியை எண்ணுவான். ஒருநாள், “தாத்தா, ஒண்ணு குறையுது” என்றான். குறைந்தது உண்மைதான்.

போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடவும் செய்தேன், மறைக்கவில்லை. பதினைந்து நாள் போட்டேன். கைதட்டலும் பூங்கொத்தும் வந்தன. பிறகு எனக்கே தெரிந்தது, போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று நிறப்பொடி தேட ஆரம்பித்திருந்தேன், காலை வேலை முக்கால் மணி நேரத்துக்கு இழுத்திருந்தது. குழுவில் போடுவதை நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை, மைத்துனர் ஒருவரைத் தவிர. அவரும் நான் சுகவீனமோ என்றுதான் கேட்டார். ஆனால் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்ததில் ஒரு லாபம் இருந்தது. பதினைந்திலும் என் கோலம் இடது பக்கம் சரிந்திருந்தது. தெருவிளக்கு வலது பக்கம், என் கையின் நிழல் நான் புள்ளி வைக்கிற இடத்திலேயே விழுந்திருக்கிறது. மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சரிவு நின்றது. விளக்கைப் பார்த்து உட்காருங்கள், அல்லது விளக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி. வலது கைக்காரர்களுக்கு இது.

புரட்டாசி கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, விரல் மடங்காமல் இருந்தது. பிசியோதெரபியில் ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். இரண்டு நாள் பிசைந்துவிட்டுப் பந்தை ஓரமாக வைத்துவிட்டு, கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். பந்தைவிட மாவைக் கிள்ளுவது கஷ்டம், ஆனால் அதில்தான் மனசு ஒட்டியது. அவள் கோடு நடுங்கியது. முப்பத்தோரு வருடம் கம்பி மாதிரி ஓடின கை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். “உங்க முதல் வாரம் மாதிரியே இருக்கு” என்று அவளே சிரித்தாள்.

ஐப்பசி மழை கொட்டியது. காவிரி துலாக்கட்டத்தில் குளிக்க வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், எங்கள் வாசலில் மாவு நிற்கவில்லை. மழைக்காலத்தில் இரண்டு வழி. தூற்றல் என்றால் திண்ணையோரம் ஒதுங்கி, கையகலத்துக்கு மூணுக்கு நாலு புள்ளி வைத்து முடித்துவிடலாம். விடாத மழை என்றால் உள்நடையில் இழைக்கோலம். பச்சரிசியை ஊறவைத்து நைஸாக அரைத்து, தண்ணீராகக் கரைத்து, சின்னத் துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு பிழிந்தால் மோதிர விரல் வழியாக இறங்கும். போடும்போது கண்ணுக்கே தெரியாது. காய்ந்த பிறகுதான் வெள்ளையாக எழும்பி வரும். தெரியவில்லையே என்று மேலே மேலே இழுத்து நான் முதல் தடவை கெடுத்தேன். காய விட்டுவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வர வேண்டும்.

செலவு கேட்டால், கோலமாவு கிலோ 20 ரூபாய்க்கு வாங்குகிறேன், பத்துப் பன்னிரண்டு நாளைக்கு வருகிறது. இதைவிட மலிவாக ஒரு பொழுதுபோக்கு எனக்குத் தெரிந்து இல்லை, டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் போகிற காசு. காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக எழ வேண்டும், ராத்திரி சீரியலில் ஒன்று குறையும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் பிரச்சினை வந்தது. அவள் கை தேறிவிட்டது. ஒருநாள் ஐந்தே காலுக்கு எழுந்து வந்தால் வாசல் பெருக்கி, தெளித்து, 7 புள்ளி வைத்து ஊடே கோடும் ஓடிவிட்டது. நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன். எனக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மனைவிக்குக் கை சரியாகியிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், பொம்மையைப் பிடுங்கின பிள்ளை மாதிரி நிற்கிறேன்.

“நாளைக்கு நான் போடறேனே” என்றேன்.

“எதுக்குங்க, பேப்பர் படிங்க.”

“பேப்பர் எட்டு மணிக்குப் படிக்கிறேன்.”

பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. மகள் பெங்களூரிலிருந்து நடுவராக இருந்தாள். முடிவில் செவ்வாய், வெள்ளி, பண்டிகை நாள் அவளுக்கு. மற்ற நாள் எனக்கு. அமாவாசை இருவருக்கும் விடுமுறை. ஸ்டிக்கரை இதற்குள் யாரோ கழற்றி, கோலமாவு டின்னின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். நான் இல்லை.

மார்கழி முப்பது நாளும் தெரு முழுக்கப் பெரிய கோலம் போடுவார்கள். சாண உருண்டையில் பரங்கிப்பூ செருகி நடுவில் வைப்பார்கள். அதில் பத்து நாளாவது எனக்குத் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். இட்லி மாவைக் கிண்டிக்கொண்டே, “அதெல்லாம் நடக்காது. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்” என்றாள். பரங்கிப்பூ பறித்து வரும் வேலை எனக்கு. வாய்க்கால் கரையில் நாலு கொடி பார்த்து வைத்திருக்கிறேன், நாலரைக்கே போனால்தான் கிடைக்கும், எதிர் வீட்டு அக்காவுக்கும் அந்த இடம் தெரியும்.